சாப்பாட்டுக்காகவே பிரிட்டனில் ஒரு பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லண்டனை விட்டு வெளியே போய், ஒரு வேளைச் சாப்பாட்டை மையமாக வைத்து ஒன்றிரண்டு நாள் சுற்ற நினைப்பவர்களுக்கான பக்கம் இது. ஊரிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்களும் பிரிட்டனிலேயே வசிப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளைச் சேர்த்திருக்கிறோம். எல்லாப் பதில்களுக்கும் அடியில் ஒரே வரிசைதான் இருக்கிறது: முதலில் மேசை, அடுத்து தங்கும் அறை, அதன் பிறகு ரயில். விமான டிக்கெட், ஹோட்டல் எல்லாம் எடுத்து முடித்துவிட்டுக் கடைசியில் மேசை தேடுகிறவர்கள்தான் ஏமாந்து திரும்புகிறார்கள்.

மிச்சலின் நட்சத்திரம் என்கிறார்களே, அதை எவ்வளவு நம்பலாம்?

டயர் கம்பெனி கார் ஓட்டுநர்களுக்காகப் போட்ட வழிகாட்டி அது. அதனால்தான் அதன் அளவுகோலே பயணத்தை வைத்து அமைந்திருக்கிறது. ஒரு நட்சத்திரம் என்றால் போகிற வழியில் நிறுத்திச் சாப்பிடலாம். இரண்டு என்றால் வழியை மாற்றிக்கொண்டு போகலாம். மூன்று என்றால் அதற்கென்றே கிளம்பிப் போகலாம். பிரிட்டனுக்கான வழிகாட்டி 1911இல் முதன்முதலாக வந்தது. இடையில் பல ஆண்டுகள் நின்றுபோய், 1974இல் நட்சத்திரங்களோடு திரும்பி வந்தது. 1982இல்தான் லண்டனின் லெ காவ்ரோஷ் இந்த நாட்டின் முதல் மூன்று நட்சத்திர உணவகமானது. அது 2024 ஜனவரியில் மூடப்பட்டுவிட்டது. பழைய பட்டியல்களில் இன்னும் அதன் பெயர் இருக்கும், கவனம்.

2025 பதிப்பில் பிரிட்டனில் மூன்று நட்சத்திரம் பெற்றவை 10. அவற்றில் ஆறு லண்டனில், நான்கு வெளியே. நட்சத்திரம் சமையலுக்கு மட்டும்தான். அறையின் அழகையோ பரிமாறுபவர்களின் கனிவையோ அது அளப்பதில்லை. குறைந்த செலவில் நல்ல சாப்பாடு தேடுகிறவர்கள் நட்சத்திரத்தை விட்டுவிட்டு, அதே வழிகாட்டியின் பிப் கூர்மாண்ட் பட்டியலைப் பார்ப்பது நல்லது. ஒரு வாரப் பயணத்தில் ஒரு பெரிய இடம், இரண்டு பிப் கூர்மாண்ட் இடங்கள், ஒரு நல்ல பப் என்று கலந்து போவதே எங்கள் பரிந்துரை. நான்கு நாளும் டேஸ்டிங் மெனு (செஃப் முடிவு செய்து வரிசையாக அனுப்பும் பல சின்னத் தட்டுகள்) என்றால் மூன்றாவது நாளே நாக்கு சலித்துவிடும்.

லண்டனுக்கு வெளியே எங்கெல்லாம் போகலாம்?

கார்ட்மெலிலிருந்து தொடங்குவோம். கம்பிரியாவில் உள்ள சின்னக் கிராமம் இது. சைமன் ரோகன் 2002இல் இங்கே பழைய கொல்லன் பட்டறைக் கட்டடம் ஒன்றில் லாங்க்ளூம் உணவகத்தைத் திறந்தார். பிரெஞ்சு மொழியில் அந்தப் பெயருக்குப் பட்டடைக்கல் என்று பொருள். பக்கத்திலேயே அவர்களுக்கென்று பண்ணை இருக்கிறது. காய், கீரை, பூ எல்லாம் அங்கிருந்து வருவதால் தட்டில் காய்கறிக்குத்தான் முதல் மரியாதை. 2022இல் மூன்றாவது நட்சத்திரம் கிடைத்தது. அதே கிராமத்தில் பழமையான மடாலயத் தேவாலயமும், ஸ்டிக்கி டாஃபி புட்டிங்குக்குப் பேர்போன கடையும் உண்டு. மே கடைசி, ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் நடக்கும் குதிரைப் பந்தய நாட்களில் அறை கிடைப்பது குதிரைக் கொம்பு. தேதி குறிக்கும் முன் பந்தய அட்டவணையைப் பார்த்துவிடுங்கள்.

லிவர்பூலுக்கு வடக்கே ஆட்டனில் மார்க் பிர்ச்சலின் மூர் ஹால் இருக்கிறது. 2017இல் திறந்து 2025இல் மூன்றாவது நட்சத்திரத்தை எட்டிவிட்டது. லிவர்பூலில் தங்கிக்கொண்டு போய்வர முடிவதால், பெரிய இடங்களிலேயே பயணச் சிக்கல் குறைந்தது இதுதான்.

தேம்ஸ் கரையில் பிரே என்ற ஒரே கிராமத்தில், 2025 பதிப்பின்படி, மூன்று நட்சத்திரம் பெற்ற உணவகங்கள் இரண்டு. 1972இல் தொடங்கிய வாட்டர்சைட் இன் 1985 முதல் 2025 பதிப்பு வரை மூன்று நட்சத்திரத்தையும் விடாமல் காப்பாற்றியது. ரூ குடும்பத்தின் பழைய பிரெஞ்சு பாணிச் சமையல், ஆற்றைப் பார்த்த சன்னல்கள். ஹெஸ்டன் புளூமெந்தாலின் ஃபேட் டக் 1995இல் திறந்தது. மூன்றாவது நட்சத்திரம் 2004இல். முன்னது பழக்கமான ருசிகளை மிக நேர்த்தியாகத் தரும், பின்னது ஒவ்வொரு தட்டிலும் ஆச்சரியப்படுத்தப் பார்க்கும். வயதான பெற்றோரை அழைத்துப் போகிறீர்கள் என்றால் வாட்டர்சைட் இன்தான் பொருத்தம்.

இவ்வளவு செலவு வேண்டாம் என்றால் கென்ட் கடற்கரையில் சீசால்டர் என்ற இடத்தில் ஸ்போர்ட்ஸ்மன் பப் இருக்கிறது. ஸ்டீபன் ஹாரிஸ் 1999இல் எடுத்து நடத்தத் தொடங்கியது. கடல்நீரைக் காய்ச்சித் தாங்களே உப்பெடுத்து, அந்த உப்பைப் போட்டு வெண்ணெயும் தாங்களே கடைவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் காற்றடிக்கும் கடலோரத்தில் நிற்கும் சாதாரண பப் போலத்தான் தெரியும். பிரிட்டிஷ் சமையல் என்றால் என்ன என்று ஒரே இடத்தில் காட்டச் சொன்னால் நாங்கள் இங்கேதான் அழைத்துப் போவோம். மார்லோவில் டாம் கெரிட்ஜின் ஹேண்ட் அண்ட் ஃபிளவர்ஸ், இரண்டு நட்சத்திரம் பெற்ற முதல் பப். வேல்ஸில் மக்கன்லெத் அருகே கேரத் வார்டின் அனிஷிர் 2022இல் அந்த நாட்டுக்கு முதல் இரண்டு நட்சத்திரத்தைக் கொண்டுவந்தது. அங்கே இறைச்சியும் கொழுப்பும்தான் எல்லாம். சைவக்காரர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

நம் நாட்டுச் சமையலே வேண்டும் என்றால் பர்மிங்ஹாமில் அக்தர் இஸ்லாமின் ஓஃபீம். 2024இல் லண்டனின் ஜிம்கானா உணவகத்தோடு சேர்ந்து இரண்டாவது நட்சத்திரம் பெற்றது.

மேசை பிடிப்பது எப்படி?

பெரும்பாலான பெரிய இடங்கள் பல மாதங்களுக்கு முன்பே, மாதம் மாதமாகத் தேதிகளைத் திறக்கின்றன. எந்த நாள், எத்தனை மணிக்கு என்பது உணவகத்தின் தளத்திலேயே இருக்கும். அந்த நேரம் பிரிட்டன் நேரம் என்பதை மறந்துவிடாதீர்கள். அங்கே காலை 10 மணி என்றால் கோடையில் இந்திய, இலங்கை நேரம் பிற்பகல் 2.30, குளிர்காலத்தில் 3.30. மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறன்று கடிகாரம் மாறும். அந்த வாரத்தில் ஒரு மணி நேரம் பிந்தி வந்து மேசையைக் கோட்டை விடுகிறவர்கள் நிறையப் பேர்.

பதிவு செய்யும்போதே முழுத் தொகையோ டெபாசிட்டோ கேட்பார்கள். குறைந்தது கார்டு விவரமாவது வேண்டும். இந்திய வங்கிக் கார்டு என்றால் வெளிநாட்டு ஆன்லைன் பரிவர்த்தனையை வங்கிச் செயலியில் முதல் நாளே திறந்து வையுங்கள். கார்டு மறுக்கப்பட்டு மறுபடி முயற்சிப்பதற்குள் சனிக்கிழமை மேசை போய்விடும். முதலிலேயே புதனிலிருந்து வெள்ளி வரையான மதிய உணவைக் குறிவையுங்கள். போட்டி குறைவு, பல இடங்களில் மதிய மெனு விலையும் குறைவு. சமைப்பதும் அதே கைகள்தான்.

இடம் கிடைக்கவில்லையா? காத்திருப்போர் பட்டியலில் பெயர் கொடுங்கள். ரத்து செய்யக் கடைசிக் கெடு பெரும்பாலும் 48 அல்லது 72 மணி நேரத்துக்கு முன். அந்தக் கெடு முடிகிற சமயத்தில்தான் மேசைகள் திரும்பி வரும். தொலைபேசியில் கூப்பிட்டு மரியாதையாகக் கேட்பதும் இன்னும் பலன் தருகிறது. இரண்டு பேருக்கு எப்படியாவது கிடைத்துவிடும். ஆறு பேருக்கென்றால் மூன்று மாதமாவது முன்கூட்டித் திட்டமிட வேண்டும்.

ரத்து விதியை முழுவதும் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். ஆறு பேருக்குப் பதிவு செய்துவிட்டு நாலு பேர் போனால், வராத இருவருக்கும் பணம் பிடிக்கலாம்.

எவ்வளவு செலவாகும்?

மூன்று நட்சத்திர இடத்தில் முழு டேஸ்டிங் மெனு ஒருவருக்கு 200 பவுண்டுக்கு மேல், குடிப்பதெல்லாம் தனி. மெனு விலையில் 20 சதவீத வாட் வரி ஏற்கெனவே சேர்ந்திருக்கும். பில்லில் புதிதாக வரி ஏறாது. ஏறுவது சர்வீஸ் சார்ஜ்தான். வழக்கமாக 12.5 சதவீதம், சில இடங்களில் 15. இத்தோடு ரயில், டாக்ஸி, ஓர் இரவு அறை. சாப்பாட்டுக்கு ஆகும் தொகையைப்போல இரண்டு மடங்கு மொத்தச் செலவு என்று கணக்குப் போட்டுக்கொண்டால் அநேகமாகச் சரியாக வரும்.

சர்வீஸ் சார்ஜ் கொடுத்த பிறகும் டிப்ஸ் கொடுக்க வேண்டுமா?

வேண்டாம். பில்லில் சர்வீஸ் சார்ஜ் இருந்தால் அதுதான் டிப்ஸ். கார்டு இயந்திரத்தை நீட்டும்போது திரையில் மறுபடியும் டிப்ஸ் கேட்கலாம். வேண்டாம் என்பதைத் தயக்கமில்லாமல் அழுத்துங்கள். 2024 அக்டோபர் 1 முதல் இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்தில் டிப்ஸும் சர்வீஸ் சார்ஜும் முழுவதும் ஊழியர்களுக்கே போக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. விருப்பத்தின் பேரில் தருவது என்று அச்சிட்டிருந்தால், சேவை மோசமாக இருக்கும்போது எடுத்துவிடச் சொல்லலாம். பப்பில் கவுன்டரில் நின்று பானம் வாங்கும்போது டிப்ஸ் வழக்கமில்லை.

நாங்கள் சைவம். தைரியமாகப் போகலாமா?

போகலாம். ஆனால் இங்கே வெஜிடேரியன் என்ற சொல்லுக்கு நம் வீட்டு அர்த்தம் இல்லை. முட்டை அதில் அடக்கம். வீகன் என்று சொல்லிவிட்டால் பால், வெண்ணெய், க்ரீம் எல்லாம் போய்விடும். பிரிட்டிஷ் சமையலில் ருசி பாதி அங்கேதான் இருக்கிறது. ஆகவே ஒற்றைச் சொல்லை நம்பாமல், பதிவு செய்யும்போதே எழுத்தில் விவரமாகச் சொல்லுங்கள்: இறைச்சி, மீன், இவற்றின் எலும்பு கொதிக்கவைத்த ஸ்டாக், விலங்குக் கொழுப்பு, விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் எதுவும் கூடாது, பாலும் வெண்ணெயும் சரி, முட்டை சரியா, கூடாதா. பிறகு ஒரு வாரம் முன் நினைவூட்டி இன்னொரு மின்னஞ்சல். டேஸ்டிங் மெனு சமையலறைகள் ஸ்டாக், சாஸ் எல்லாவற்றையும் நாட்கணக்கில் முன்பே தயாரிப்பவை. மேசையில் உட்கார்ந்த பிறகு சொன்னால் அவர்களால் முடிந்தது, இறைச்சியை எடுத்துவிட்டு மீதியைத் தருவது மட்டும்தான்.

சாதாரண பப்களில்தான் உண்மையான கண்ணிகள். ரோஸ்ட் உருளைக்கிழங்கைப் பெரும்பாலும் மாட்டுக் கொழுப்பிலோ வாத்துக் கொழுப்பிலோ வறுப்பார்கள். யார்க்ஷயர் புட்டிங் மாவும் சூடான மாட்டுக் கொழுப்பில்தான் ஊற்றப்படும். பெயரில் புட்டிங் இருப்பதால் இனிப்பு என்று எண்ண வேண்டாம், முட்டையும் மைதாவும் பாலும் சேர்ந்து உப்பி எழும் பண்டம் அது. வெல்ஷ் ரேர்பிட் என்பது சீஸ் தடவிச் சுட்ட ரொட்டிதான். ஆனால் அதில் விடும் வூஸ்டர் சாஸில் நெத்திலி வகை மீன் உண்டு. பார்மசான் சீஸ் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் (பாலைத் திரியவைக்கும் பொருள்) இல்லாமல் செய்யப்படுவதில்லை. பன்னா கோட்டா, மார்ஷ்மெல்லோ, சில மூஸ் வகைகளில் ஜெலட்டின். ஆவியில் வேகவைக்கும் பழைய பாணி புட்டிங்குகளில் மாட்டுக் கொழுப்பான சூயட். வெங்காய கிரேவிகூட மாட்டு ஸ்டாக்கில் செய்ததாக இருக்கலாம். ஒவ்வொன்றையும் கேளுங்கள், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

வெங்காயம், பூண்டும் கூடாது என்றால் டேஸ்டிங் மெனு இடங்களை விட்டுவிடுவது நல்லது. அடிப்படை ஸ்டாக்கிலேயே வெங்காயம் இருக்கும்.

அசைவம் சரி, மாடும் பன்றியும் மட்டும் கூடாது. முடியுமா?

முடியும், எழுதிவிட்டால். மீன், கோழி, ஆட்டிறைச்சி என்று கேட்டு வாங்கினாலும் ஒளிந்து வருபவை உண்டு: ஸ்காலப் சிப்பி மேல் தூவிய பேக்கன், காலை உணவுத் தட்டில் ரத்தத்தில் செய்யும் பிளாக் புட்டிங், ரொட்டியோடு வைக்கும் மாட்டுக் கொழுப்பு கலந்த வெண்ணெய், பன்றிக் கொழுப்பில் பிசைந்த பை மாவு. இறைச்சியைத் தொடக்கூடாது என்று சொல்வதோடு, கொழுப்பு, ஸ்டாக், ஜெலட்டினும் கூடாது என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். ஹலால் மட்டுமே என்றால் இந்தப் பக்கத்தில் சொன்ன இடங்களில் மீனும் காய்கறியும்தான் பாதுகாப்பான வழி. சாஸில் ஒயின் இருக்கிறதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒவ்வாமை இருந்தால்?

சட்டப்படி 14 ஒவ்வாமைப் பொருட்களைப் பற்றிய தகவலை உணவகம் தர வேண்டும். கடுகும் எள்ளும் அதில் உண்டு. தேங்காயும் கொண்டைக்கடலையும் அதில் இல்லை. அவற்றால் உங்களுக்கு ஒவ்வாமை என்றால் மெனு அட்டையில் எதிர்பார்க்காமல் நீங்களே சொல்ல வேண்டும்.

ரயிலில் எப்படிப் போவது? எங்கே தவறுகிறது?

பிரேவுக்கும் மார்லோவுக்கும் லண்டன் பாடிங்டனிலிருந்து மெய்டன்ஹெட் போக வேண்டும். எலிசபெத் லைன் ரயிலும் உண்டு, வேகமான ரயிலும் உண்டு. பிரே அங்கிருந்து ஒன்றரை மைல் அளவில்; மார்லோவுக்குக் கிளை ரயில் மாற வேண்டும். கார்ட்மெலுக்கு யூஸ்டனிலிருந்து லாங்காஸ்டர், அங்கே மாறி கடலோரமாகப் போகும் ஃபர்னஸ் லைனில் கிரேஞ்ச் ஓவர் சாண்ட்ஸ் அல்லது கார்க். அந்த ரயிலில் இடப்பக்கம் உட்காருங்கள். மோர்கம் விரிகுடா முழுவதும் கண்ணில் விரியும். மூர் ஹாலுக்கு லிவர்பூல் சென்ட்ரலிலிருந்து ஆர்ம்ஸ்கர்க் லைன். சீசால்டருக்கு விட்ஸ்டபிளில் இறங்கி டாக்ஸி.

பெரும்பாலும் தவறுவது திரும்பும் வழியில். டேஸ்டிங் மெனு மூன்று முதல் நான்கு மணி நேரம் பிடிக்கும். அட்வான்ஸ் டிக்கெட் மலிவு, ஆனால் அந்த ஒரு ரயிலுக்கு மட்டும்தான் செல்லும். இனிப்பு வரும் நேரத்தில் ரயில் போய்விடும். போகும்போது அட்வான்ஸ், திரும்பும்போது நெரிசல் நேரம் தவிர எந்த ரயிலிலும் ஏறக்கூடிய ஆஃப் பீக் என்று தனித்தனியாக வாங்குங்கள். இரவுச் சாப்பாடு என்றால் அங்கேயே தங்கிவிடுவதுதான் முறை. கிராமங்களில் செயலியில் டாக்ஸி வராது. உள்ளூர் டாக்ஸிக்காரரிடம் போகவும் வரவும் சேர்த்து முன்பே பேசி வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை தண்டவாளப் பராமரிப்பு நடந்தால் ரயிலுக்குப் பதில் பஸ் ஓடும். அன்று ஒரு மணி நேரமாவது கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

விமானத்தில் வந்து இறங்கிய அன்றே பெரிய சாப்பாட்டை வைக்காதீர்கள். எட்டு மணிக்கு இங்கே முதல் தட்டு வரும்போது உடம்புக்கு நள்ளிரவு தாண்டியிருக்கும். இரண்டு நாள் கழியட்டும்.

எந்த மாதம் நல்லது?

எதைச் சாப்பிட ஆசை என்பதைப் பொறுத்தது. ஜனவரி முதல் மார்ச் வரை யார்க்ஷயரின் இருட்டுக் கொட்டகைகளில் வளர்க்கும் இளஞ்சிவப்பு ருபார்ப் என்ற புளிப்புத் தண்டு. வெளிச்சம் படாததால் தண்டு மெல்லியதாக, நார் இல்லாமல் இருக்கும். ஏப்ரல் 23 வாக்கில் தொடங்கி ஜூன் நடு வரை அஸ்பாரகஸ். சில வாரங்கள்தான் என்பதால் எல்லாச் செஃப்களும் அதைக் கொண்டாடுவார்கள். ஆகஸ்ட் 12 முதல் கிரௌஸ் என்ற காட்டுப் பறவை; சுட்டுப் பிடித்தது என்பதால் ஈயக் குண்டு இருக்கலாம், மெதுவாகக் கடிக்க வேண்டும். செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை விட்ஸ்டபிளின் நாட்டுச் சிப்பி.

எங்களுக்குப் பிடித்தது மே மாதம். பொழுது நீளம், கூட்டம் குறைவு, காய்கறி இளசு. ஜனவரியில் பல இடங்கள் வாரக்கணக்கில் மூடிவிடும். எந்த மாதமானாலும் திங்கள், செவ்வாய் பல சமையலறைகளுக்கு விடுமுறை.

பப்பில் சண்டே ரோஸ்ட் சாப்பிட என்ன முறை?

சுட்ட இறைச்சி, ரோஸ்ட் உருளைக்கிழங்கு, கிரேவி சேர்ந்த ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு இது; மதியம் 12 மணி முதல் சுமார் 4 வரை. 12.30க்கோ 1 மணிக்கோ பதிவு செய்யுங்கள். மூன்று மணிக்கு மேல் போனால் மாட்டிறைச்சி தீர்ந்திருக்கும், உருளைக்கிழங்கு சூட்டிலேயே கிடந்து தோல்போலாகியிருக்கும். மாட்டுக்குக் காரமான ஹார்ஸ்ராடிஷ், ஆட்டுக்குப் புதினா சாஸ், பன்றிக்கு ஆப்பிள் சாஸ் என்பது மரபு. கிரேவி குறைவாக வந்தால் கூடுதலாகக் கேளுங்கள், தருவார்கள். மற்ற நாட்களில் பப் சமையலறை மதியம் 2.30 வாக்கில் மூடி மாலை 6 மணிக்குத்தான் திறக்கும். கதவு திறந்திருக்கிறது என்பதால் சாப்பாடு உண்டு என்று எண்ண வேண்டாம்.

ஃபிஷ் அண்ட் சிப்ஸுக்காகப் பயணம் போகலாமா?

தாராளமாக. விட்பி போன்ற யார்க்ஷயர் துறைமுகங்களில் ஹேடக் மீனைத் தோல் நீக்கிப் பொரிப்பார்கள். தெற்கே காட் என்ற மீன் அதிகம். யார்க்ஷயரில் பல கடைகள் மாட்டுக் கொழுப்பில்தான் பொரிக்கின்றன. மேலோடு மொறுமொறுப்பாக வருவதற்கு அதுவே காரணம், மாடு கூடாதவர்களுக்குச் சிக்கலும் அதுவே. எண்ணெயில் பொரிக்கிறீர்களா என்று வரிசையில் நிற்கும் முன் கேட்டுவிடுங்கள். ஆர்டர் கொடுத்த பிறகு பொரிக்கும் கடையைத் தேடிப் போங்கள். கண்ணாடிப் பெட்டியில் அடுக்கி வைத்த மீனில் ஆவி இறங்கி மேல்மாவு நமத்துப் போயிருக்கும். ஸ்காட்லாந்தில் ஃபிஷ் சப்பர் என்றால் சிப்ஸும் சேர்ந்தது. கடற்புறாக்கள் கையிலிருந்தே பறித்துவிடும், சுவரோரமாக உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

மது குடிக்காதவர்கள் என்ன செய்வது?

பெரிய இடங்களில் ஒவ்வொரு தட்டுக்கும் பொருத்தமாக மதுவில்லாப் பானங்களின் வரிசை உண்டு. பழச்சாறு, புளிக்கவைத்த தேநீர், மூலிகைக் கஷாயம் என்று அக்கறையோடு செய்கிறார்கள். நொதித்தவற்றில் சிறிதளவு ஆல்கஹால் இருக்கலாம். துளியும் கூடாது என்றால் சொல்லிவிடுங்கள். மது உரிமம் உள்ள இடங்களில் குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். உட்கார்ந்ததும் தண்ணீர் சாதாரணமா, குமிழியா என்று கேட்டால், குழாய்த் தண்ணீர் போதும் என்று சொல்லலாம்.

என்ன உடை? குழந்தைகளை அழைத்துப் போகலாமா?

கசங்காத சட்டை, பேன்ட், ஷூ போதும். புடவையோ வேட்டியோ எங்கும் தடையில்லை. லண்டன் ரிட்ஸ் உணவகம்போல ஆண்களுக்குக் கோட்டும் டையும் கட்டாயம் என்கிற இடங்கள் மிகச் சில. குழந்தைகளுக்குப் பல டேஸ்டிங் மெனு இடங்கள் வயது வரம்பு வைத்திருக்கின்றன. பதிவு செய்யும் பக்கத்திலேயே இருக்கும். நான்கு மணி நேரம் உட்கார வைப்பது குழந்தைக்கும் கொடுமை. பப்பில் பகல் சாப்பாடுதான் குடும்பத்துக்கு ஏற்றது.

சாப்பாடு சரியில்லை என்றால் சொல்லலாமா?

உடனே சொல்லுங்கள், இரண்டு வாய் சாப்பிட்டதுமே. உப்பு அதிகம், உள்ளே வேகவில்லை, சொன்ன ஒவ்வாமைப் பொருள் இருக்கிறது என்று அமைதியாகச் சொன்னால் மாற்றித் தருவார்கள் அல்லது பில்லிலிருந்து எடுத்துவிடுவார்கள். முழுத் தட்டையும் முடித்துவிட்டுச் சொன்னால் அவர்களால் செய்ய ஒன்றுமில்லை. ஒரு விஷயம்: ஆட்டிறைச்சியும் வாத்தும் உள்ளே இளஞ்சிவப்பாக வருவது இங்கே குறை அல்ல, முறை. நன்றாக வெந்துதான் வேண்டும் என்றால் ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லுங்கள். சில செஃப்கள் தயங்கினாலும் செய்து தருவார்கள்.